வைஃபை கார்டு செத்துவிட்டதா?

கேள்வி: வீட்டில் சும்மா கிடந்த பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 7-ஐ எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டேன். வேகமாகத்தான் ஓடுகிறது, ஆனால் வைஃபை பட்டியலில் ஒரு பெயர்கூட வருவதில்லை. கடையில் கேட்டால், 'கார்டு போயிடுச்சும்மா, கடல் காத்துல துருப்பிடிச்சிருக்கும்' என்கிறார்கள். உள்ளே இருப்பது பிராட்காம் 4312 என்று மின்ட் காட்டுகிறது. புதுக் கார்டு வாங்கத்தான் வேண்டுமா?
- ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: வேண்டாம். அடியோடு செத்துப்போன கார்டு தன் பெயரையும் மாடல் எண்ணையும் சொல்லாது. உங்கள் கார்டு சொல்கிறதே! உப்புக்காற்றின் மேல் பழி போடுவது நம் ஊர்க் கடைகளில் வழக்கம்தான், விடுங்கள்.

விஷயம் ஃபர்ம்வேரில் இருக்கிறது. இந்தக் கார்டுக்குள்ளேயே ஒரு குட்டி புரோகிராம் (அதுதான் ஃபர்ம்வேர்) ஓடினால்தான் அது அலைவரிசையைத் தேடும், ஆனால் அந்த புரோகிராமைக் கார்டு நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை, லேப்டாப்பை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் டிரைவர், அதாவது கார்டை லினக்ஸோடு பேசவைக்கும் மென்பொருள்தான் ஏற்றிவிட வேண்டும். பி43 (b43) என்ற டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கிறது. பிராட்காமின் டிரைவரைப் பிரித்து ஆராய்ந்து தன்னார்வலர்கள் எழுதியது அது. ஃபர்ம்வேர் மட்டும் பிராட்காமின் சொத்து, மற்றவர்கள் விநியோகிக்க அனுமதி இல்லாததால் மின்ட்டோடு சேர்ந்து வராது. 2010-இல் அந்த நிறுவனமே ஒரு திறமூல (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) டிரைவரை வெளியிட்டது, ஆனால் அது புதிய சிப்களுக்கு. 4312-க்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆக, ஃபர்ம்வேரை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும், இணையத்துக்கோ வைஃபை வேண்டும்! இங்கேதான் பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். உங்கள் ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் சொருகி, போன் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அதே இணைப்புதான் கேபிள் வழியாக வரும், மொபைல் டேட்டாவும் செலவாகாது. அப்புறம் மின்ட்டில் மென்பொருள்களை நிறுவ உதவும் சினாப்டிக்கைத் திறந்து முதலில் ரீலோட் கொடுங்கள், பிறகு பி43 என்று தேடினால் வரும் ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரைப் போடுங்கள், கடைசியாக ஒரு ரீஸ்டார்ட். வேலை அவ்வளவுதான்.

மின்ட்டின் டிரைவர் மேனேஜர் பிராட்காமின் சொந்த டிரைவரையும் காட்டும். அதுவும் ஓடும், ஆனால் கர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் புதிய கர்னலுக்கேற்ப அதைத் திரும்ப உருவாக்கியாக வேண்டும், சில நேரம் அதிலேயே மாட்டிக்கொள்ளும், அதனால் உங்களுக்கு பி43 போதும் என்பேன். இரண்டையும் சேர்த்துப் போட்டு மட்டும் பார்க்காதீர்கள், ஒன்றை ஒன்று ஓடவிடாது.

இதற்குப் பிறகும் பெயர் வரவில்லையென்றால் லேப்டாப்பின் பக்கவாட்டில் வைஃபை சுவிட்ச் ஏதாவது ஆஃபில் இருக்கிறதா பாருங்கள் (சிரிக்காதீர்கள், நிறையப் பேருக்கு இதுதான்). பக்கத்து வீட்டுப் பெயரெல்லாம் வந்து உங்கள் வீட்டுப் பெயர் மட்டும் வரவில்லையா? இந்தக் கார்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடினால் அதன் கண்ணில் படாது. ரவுட்டரில் 2.4-ஐயும் ஆன் செய்துவிடுங்கள். வேகம் காகிதத்திலேயே 54 எம்பிபிஎஸ்தான், பாட்டு கேட்க, படம் பார்க்க அது தாராளம்.

கேள்வி: எனக்கும் இதே தொல்லை. பேசாமல் உள்ளே இருக்கும் கார்டை மாற்றிவிடலாமா, இல்லை யூஎஸ்பி டாங்கிள் போதுமா?
- ஒரு வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: டாங்கிள், அதாவது யூஎஸ்பியில் வெளியே சொருகும் குட்டி வைஃபை கருவி. எச்பி, லெனோவோவின் பழைய மாடல்கள் சிலவற்றில் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை புரோகிராம்) தனக்குத் தெரியாத கார்டைப் பார்த்தால் லேப்டாப்பை மேற்கொண்டு கிளம்பவே விடாது. டாங்கிளுக்கு அந்த வம்பு கிடையாது. ஆனால் பெட்டியின் மேல் இருக்கும் பிராண்டைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் சிப்பைக் கேளுங்கள். அத்ரோஸ் ஏஆர்9271 என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், அதன் ஃபர்ம்வேர்கூடத் திறமூலம்தான். ஒரே மாடல் பெயரில் வேறு வேறு சிப் வைத்தும் விற்கிறார்கள், அதனால் ஓடவில்லையென்றால் மாற்றித் தருவாரா என்று கடைக்காரரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.