ஆடு சொன்ன சாட்சி
மண்ணுக்குள் இருந்து: வாசகர் கேள்வி பதில்

(சென்ற இதழில், ஆளற்றுப் போன பண்ணைவீடு ஒன்றை நாங்கள் அகழ்ந்தபோது வரைந்த தள வரைபடத்தை வெளியிட்டிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.)

கேள்வி: ஆள் இல்லாத வீடு எப்படி மண்ணுக்குள் போகிறது? மேலே மண்ணைக் கொட்டியது யார்?

பதில்: பெரும்பங்கு மண்புழு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், அபிங்கர் என்ற இடத்தில், ரோமானியர் காலத்து வீட்டுத் தளம் ஒன்று வெளிப்பட்டது. புழுக்கள் அந்தத் தளத்தையே துளைத்துக்கொண்டு மேலே வந்து மண்ணைக் கக்கிவிட்டுப் போவதைக் கவனித்துச் சார்லஸ் டார்வின் 1881-ல் எழுதினார். புழு கீழ்மண்ணைத் தின்று மேலே கழிக்கிறது. கல்லைத் தின்ன அதனால் முடியாது. ஆகவே கல் ஆண்டுக்கு ஆண்டு கீழே போகிறது.

மண்சுவர் வீடாக இருந்தால் புழுவுக்குக்கூட அவ்வளவு வேலை இல்லை. கூரை போனதும் மழை இறங்கும். சுவரின் மேல்பாதி கரைந்து கீழ்பாதியின் மேல் படியும். நாங்கள் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவரைக் கண்டால் அன்று முகாமில் கொண்டாட்டம்தான்.

கேள்வி: மரத்தூண் மக்கிப் போயிருக்குமே. அது நின்ற இடம் எப்படித் தெரிகிறது?

பதில்: தூண் மக்கிவிடும், குழி மக்காது. குழி வெட்டித் தூணை நட்டவர்கள் எடுத்த மண்ணையே திரும்பத் தள்ளி மிதித்திருப்பார்கள். ஒருமுறை கிளறிய மண் பழையபடி இறுகுவதே இல்லை. கொத்துக்கரண்டியைக் கிடையாகப் பிடித்துச் சீவிக்கொண்டே போனால், ஓர் இடத்தில் ‘சர்ர்’ என்ற ஓசை ‘சொத்’ என்று மாறும். கண்ணுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. லேசாகத் தண்ணீர் தெளித்து விட்டுக் காத்திருந்தால், சுற்று மண் உலர்ந்து வெளுத்த பிறகும் ஒரு வட்டம் மட்டும் கருப்பாக ஈரம் காத்து நிற்கும். தூண் நின்ற இடம் அதுதான்.

இந்த ஓசையைக் கற்றுக்கொள்ளும் முன் நான் செய்த பாவம் ஒன்று உண்டு. முதல் பருவ அகழாய்வில், செங்கல் நிறத்தில் ஒரு திட்டு வந்தது. ‘ஏதோ துருப்பிடித்த மண்’ என்று மண்வெட்டியால் வாரிக் கூடையில் போட்டுவிட்டேன். மூன்றாவது கூடையில்தான் மேற்பார்வையாளர் பார்த்தார். தீயில் வெந்து சிவந்த மண். அது அந்த வீட்டின் அடுப்பு. அவர் திட்டவில்லை, என் நோட்டுப் புத்தகத்தை வாங்கி, ‘அடுப்பு: இருந்தது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை.

கேள்வி: தங்கம் ஏதாவது கிடைத்ததா?

பதில்: இல்லை. மாட்டுச் சாணம் கிடைத்தது. எங்களுக்கு அதுதான் தங்கம்.

கேள்வி: வீட்டுக்காரர்கள் ஏன் போனார்கள் என்று சொல்கிறீர்களே, அது வெறும் ஊகம்தானே?

பதில்: பாதி ஊகம்தான். மீதிப் பாதியில் முதலில் கதவைப் பார்ப்பேன். வாசற்படிக் கல் தேய்ந்திருக்கிறது, கதவு சுழன்ற குழி இருக்கிறது. ஆனால் கதவும் இல்லை, இரும்புக் கீலும் இல்லை, கூரை உத்திரமும் இல்லை என்றால், யாரோ நிதானமாகக் கழற்றியிருக்கிறார்கள். வீட்டுக்காரரோ, பின்னால் வந்த அக்கம்பக்கத்தாரோ. சாம்பலின் மேல் பானை வைத்தது வைத்தபடி இருந்தால் கதை வேறு.

நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது கிரீன்லாந்துப் பண்ணை ஒன்றை. 1990-ல், அந்நாட்டின் தலைநகர் நூக்குக்குக் கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், கலைமான் வேட்டைக்குப் போன இருவர், ஆற்றங்கரை சரிந்த இடத்தில் மரத்துண்டுகள் துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். மரமே அரிதான நாட்டில் மரம்! 1991 முதல் 1996 வரை அகழ்ந்தார்கள். நார்ஸ் (ஸ்காண்டிநேவிய வழிவந்த) குடியேறிகள் சுமார் 1000-ஆம் ஆண்டிலிருந்து மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பண்ணை அது. ‘மணலுக்கடியில் பண்ணை’ என்று பெயர் வைத்தார்கள். உறைமண் எதையும் அழுகவிடவில்லை. நெசவறையில் தறியின் பாகங்கள் கிடைத்தன. ஓர் ஆடு வீட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தது.

அந்த ஆட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மனிதர் இருக்கும் வீட்டில் செத்த ஆட்டை அப்படியே விட்டுவைக்க மாட்டார்கள். மனிதர் போன பின்னும் ஆடு பழக்கத்தால் அங்கேயே திரும்பி வந்து ஒதுங்கியிருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பகுதிக்குப் போன ஈவார் பார்தார்சன் என்ற நார்வேப் பாதிரியாரின் பெயரில் ஒரு குறிப்பு இருக்கிறது: மனிதர் ஒருவரும் இல்லை, கால்நடைகள் மட்டும் காட்டுத்தனமாகத் திரிந்தன, கப்பல் கொண்ட மட்டும் அவற்றை ஏற்றிக்கொண்டு வந்தோம் என்று. அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் ஆடு பொய் சொல்லாது.

ஏன் போனார்கள்? குளிர் கூடியது என்பார்கள், வால்ரஸ் என்ற கடல்விலங்கின் தந்தத்தை விற்கும் வியாபாரம் நொடித்தது என்பார்கள். ஒரே காரணத்தை ஓங்கிச் சொல்பவரை நான் நம்புவதில்லை. ஐஸ்லாந்தில் ஸ்டோங் என்ற பண்ணையை 1939-ல் அகழ்ந்தார்கள். 1104-ல் ஹெக்லா எரிமலை கக்கிய சாம்பல்தான் அதை முடித்தது என்று பின்னர் முடிவு கட்டினார்கள். பிறகு வந்தவர்கள், சாம்பலுக்குப் பின்னும் அங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்று வாதிட்டார்கள். எரிமலை சாட்சிக்கே இந்தக் கதி.

கேள்வி: இருநூறு ஆண்டுப் பழைய பண்ணைவீட்டின் கரியை, வயது கணிக்கும் கார்பன் சோதனைக்கு அனுப்பலாமா?

பதில்: காசு வீண். ஏறத்தாழ 1650-க்குப் பிந்தைய பொருளென்றால் அந்தச் சோதனை பெரும்பாலும் இரண்டு மூன்று நூற்றாண்டுகளைச் சேர்த்துக் காட்டி, ‘இதற்குள் ஏதோ ஒன்று’ என்று சொல்லிவிடும். உடைந்த பீங்கான் ஒன்று இதைவிட நெருக்கமாகச் சொல்லும்.

கேள்வி: பாழடைந்த பண்ணை ஒன்றின் வாசலில் கிடந்த பழைய பூட்டை வீட்டுக்கு எடுத்து வந்து, துடைத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். தவறா?

பதில்: தவறுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள். பூட்டு மூடியிருந்ததா, திறந்திருந்ததா? படிக்கு உள்ளே கிடந்ததா, வெளியே கிடந்ததா? எந்தக் கல்லுக்கு எத்தனை அடி? நினைவு இருக்கும்போதே இன்றே எழுதிவையுங்கள், ஒரு படமும் வரையுங்கள். இனிமேல் துடைக்காதீர்கள்; எண்ணெய் போடவே போடாதீர்கள். பூட்டையும் குறிப்பையும் சேர்த்துத் தொல்லியல் துறை அலுவலகத்தில் கொடுங்கள். துடைத்த துணியைத் துவைத்துவிட்டீர்களா? இல்லையென்றால் அதையும் கொடுங்கள்.