குளிர் அதிகம் இல்லாத இடத்தில் துலிப் பூக்குமா?

பூக்கும், ஆனால் குளிர்காலத்தை நாம்தான் ஏற்பாடு செய்து தர வேண்டும். நாம் வாங்கும் துலிப் கிழங்குக்குள் பூமொட்டு ஏற்கெனவே இருக்கும். அதைத் தாங்கும் தண்டு நீள்வதற்குத்தான் பல வாரக் குளிர் தேவை. அது கிடைக்காவிட்டால் இலை மட்டும் வரும், இல்லையென்றால் மண்ணை ஒட்டியே குட்டையாக ஒரு பூ எட்டிப் பார்க்கும்.

வழி, ஃபிரிட்ஜ்தான். கிழங்குகளைக் காகிதப் பையில் போட்டு 12 முதல் 14 வாரம் சுமார் 5 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஃப்ரீசர் வேண்டாம், உறைந்தால் செத்துவிடும். பலரும் கோட்டை விடுவது இன்னொரு விஷயத்தில்: அதே ஃபிரிட்ஜில் ஆப்பிள் போன்ற பழங்கள் இருக்கக் கூடாது. அவை விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கொன்றுவிடும். வெளியே பார்த்தால் கிழங்கு நன்றாகவே தெரியும், அதுதான் கொடுமை.

ஆண்டின் மிகக் குளிர்ந்த வாரங்களில் நடும்படி பின்னோக்கிக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே எடுத்ததும் நட்டுவிட வேண்டும். 15 செ.மீ. ஆழம், தண்ணீர் தேங்காத மண், அவ்வளவுதான்.

அப்புறம், அதே கிழங்கு அடுத்த ஆண்டும் பூக்கும் என்று காத்திருக்காதீர்கள். இவ்வளவு பாடு வேண்டாமென்றால் பேப்பர்ஒயிட் நார்சிசஸ் என்ற வெள்ளைப் பூக் கிழங்கை நடலாம், அதற்கு இந்தக் குளிர் தேவையே இல்லை.