டெங்கியால் விடுபட்ட கலை வரலாற்று ஃபோலியோவை எப்படி ஈடுகட்டுவது?

கேள்வி: என் தங்கை பினாங்கில் நான்காம் படிவம் படிக்கிறாள். டெங்கி வந்ததால் மூன்று வாரம் பள்ளிக்குப் போகவில்லை. காட்சிக் கலைக் கல்வியில் இரண்டு ஃபோலியோ (தொகுத்து எழுதிக் கொடுக்கும் இடுபணி) நிலுவையில் இருக்கின்றன. ஒன்று கட்டடக் கலை, இன்னொன்று மலேசிய ஓவியர் ஒருவரைப் பற்றியது. குழுவாகச் செய்த ஒரு படைப்பும் விட்டுப்போனது. இணையத்திலிருந்து எடுத்து அழகாக அடுக்கிக் கொடுத்தால் போதும் என்று தோழிகள் சொல்கிறார்கள். நான் எந்த அளவுக்கு உதவலாம்?

பதில்:

முதலில் தங்கச்சியின் உடம்பு தேறட்டும். டெங்கிக் காய்ச்சல் இறங்கிய பிறகும் சில வாரங்களுக்கு அசதி விடாது. அதை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் 14 ஆண்டுகளாகக் காட்சிக் கலை கற்பிக்கிறேன். தோழிகள் சொல்லும் வழியில் செய்த ஃபோலியோக்கள் ஒவ்வோர் ஆண்டும் என் மேசைக்கு வருகின்றன. விக்கிப்பீடியாவின் மலாய்ப் பக்கம், நான்கு வண்ணப் படங்கள், நெகிழி உறை, சுருள்கம்பி போட்ட அட்டை. மதிப்பெண் கொஞ்சம் கிடைக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் அதைக் கொடுத்த பிள்ளையிடம் 'இந்தத் தூண் ஏன் இப்படி இருக்கிறது?' என்று கேட்டால் பதில் வராது.

கலை வரலாற்றில் மூன்று வாரம் வராத பிள்ளைக்குத் தகவல் ஒன்றும் தொலைந்துபோவதில்லை, அது பாடநூலில் பத்திரமாக இருக்கிறது. தொலைந்தது, வகுப்பில் எல்லோரும் ஒரு படத்தின் முன்னால் உட்கார்ந்து உற்றுப் பார்த்த நேரம். ஈடுகட்ட வேண்டியது அந்த நேரத்தைத்தான். உங்கள் தங்கச்சி ஏதாவது ஒரு பொருளின் முன்னால் போய் நிற்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஆசிரியரிடம் பேச வேண்டும். எம்.சி.யோடு (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) போகட்டும். 'இந்த இரண்டு இடுபணியிலும் என்ன திறனைப் பார்க்கிறீர்கள் டீச்சர்? அதை வேறு வகையில் காட்டலாமா?' என்று கேட்கட்டும். பெரும்பாலான ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் 12 பக்கத்தைத் திருத்துவதைவிட யோசித்து எழுதிய 4 பக்கத்தைத் திருத்துவது எங்களுக்கும் நிறைவாக இருக்கும். கொடுக்கும் தேதியையும் அவளே சொல்லட்டும்: 'கட்டடக் கலை இந்த வெள்ளிக்கிழமை, ஓவியர் அதற்கு அடுத்த வெள்ளி.' குழுப் படைப்பை அவள் தனியாகத் திரும்பச் செய்ய வேண்டாம். நண்பர்கள் செய்து முடித்ததைப் பார்த்து ஒரு பக்கம் விமர்சனம் எழுதித் தரட்டுமா என்று கேட்கச் சொல்லுங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் ஐந்தாம் படிவம் படித்தபோது அப்பா ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்தார். ஃபோலியோ கொடுக்கவில்லை என்று ஆசிரியர் பூஜ்யம் போட்டார், காரணம் கேட்கவே இல்லை. அம்மா போய்ப் பேசிய பிறகு வேறோர் ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, 'கோயிலுக்குப் போ. கோபுரத்தில் ஒரே ஒரு உருவத்தை மட்டும் பார்த்து வரைந்துகொண்டு வா' என்றார். சின்ன வயதிலிருந்து கும்பிட்ட கோபுரம் அது. அன்றைக்குத்தான் அதில் உள்ள துவாரபாலகரின் ஒரு கால் கதாயுதத்தின் மேல் ஊன்றியிருப்பதைக் கவனித்தேன். நான் இந்தப் பாடத்துக்கு வந்தது அந்த ஒரு பிற்பகலால்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

சரி, கட்டடக் கலைக்கு வருவோம். பினாங்கில் இருப்பவர்களுக்கு இது பெரிய கொடுப்பினை. பாடநூலில் கிரேக்கத் தூண் என்று ஒரு பகுதி வரும். டோரிக், அயோனிக், கொரிந்தியன் என்று மூன்று வகை. பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டு, தூண் கிரீஸ் நாட்டில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். லெபோ ஃபார்குவார் தெருவில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் முன்மண்டபத்தில் டோரிக் தூண்கள் வரிசையாக நிற்கின்றன! 1816 முதல் 1818 வரை கட்டினார்கள். கேப்டன் ராபர்ட் ஸ்மித் என்ற பொறியாளரின் பொறுப்பில், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்த கட்டடம். அந்த ஸ்மித் பினாங்குக் காட்சிகளை எண்ணெய் ஓவியமாகவும் வரைந்தவர். முதலில் தேவாலயத்துக்குத் தட்டைக் கூரை இருந்தது. நம்முடைய மழைக்கு அது ஒத்துவரவில்லை. 1864இல் சரிவுக் கூரையாக மாற்றினார்கள். ஏதென்ஸ் நகரத்து வடிவம் இங்கிலாந்து வழியாக வந்து, நம்முடைய மழையின் கீழ் எப்படி மாறியது என்று ஒரு பத்தி எழுதினாலே அது கலை வரலாறு.

அங்கிருந்து ஜாலான் மஸ்ஜித் கபித்தான் கெலிங் வழியாக நடந்தால் குவான் யின் என்ற சீனத் தெய்வத்தின் கோயில், பக்கத்துத் தெருவான லெபோ குவீனில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், கொஞ்சம் தள்ளி 1801இல் காதர் மொகிதீன் தலைமையில் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய கபித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் வந்துவிடும். நல்ல உடம்போடு இருப்பவர் அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். உங்கள் தங்கச்சி எல்லாவற்றையும் எழுத வேண்டாம். இரண்டை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: உள்ளே வருகிறவரை இந்தக் கட்டடம் எப்படி வரவேற்கிறது? தேவாலயம் தூண்களை வரிசையாக நிறுத்தி வெறுமையாக, வெள்ளையாக விட்டிருக்கிறது. அம்மன் கோயில் வாசலுக்கு மேலே கோபுரத்தை எழுப்பி ஓர் அங்குலம் விடாமல் சுதைச் சிற்பங்களால் நிரப்பியிருக்கிறது. இரண்டுமே வாசல்தான். இந்த வேறுபாட்டைக் கண்ணால் கண்டதை மட்டும் வைத்து எழுதினாலும் இரண்டு பக்கம் வரும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் இதே வேலையை ஒரு பையனுக்குக் கொடுத்தேன். அவன் அப்பாவுக்கு லிட்டில் இந்தியா பக்கம் பூமாலைக் கடை. தைப்பூசத்துக்கு முன்னால் இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை, ராத்திரி முழுக்க மாலை கட்டியிருக்கிறான். கண்டிக்க மனம் வரவில்லை. கோபுரத்தில் ஒரு சிற்பத்தை வரைந்து வா என்றேன். அவன் கொண்டுவந்த ஓவியத்தில் முகம் சரியாக வரவில்லை, கை இரண்டும் ஒரே அளவில்கூட இல்லை. ஆனால் சிற்பத்தின் கழுத்து மாலையை மட்டும் ஒரு பக்கம் முழுக்கப் பெரிதாக வரைந்திருந்தான். கீழே எழுதியிருந்தான்: இது கதம்பம் இல்லை, ஒரே பூவை நெருக்கிக் கட்டிய மாலை, நுனியில் குஞ்சம் உண்டு, நிஜ மாலையாக இருந்தால் எடை தாங்காமல் இந்த இடத்தில் வளைந்திருக்கும், சிற்பி நேராக விட்டுவிட்டார். எத்தனையோ முறை அந்த வாசலில் நின்றிருக்கிறேன், எனக்கு அது தெரிந்ததில்லை. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இன்னும் வைத்திருக்கிறேன்.

உங்கள் தங்கச்சிக்கும் எது தெரியுமோ அது வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். பரதம் ஆடுகிறாளா? அப்படியானால் சிற்பங்களின் கை முத்திரையைப் பார்க்கட்டும். தையல் தெரியுமா? சுதையில் புடவை மடிப்பு எப்படி விழுகிறது என்று பார்க்கட்டும்.

அப்புறம் ஒரு நிபந்தனை. கைப்பேசியில் படம் எடுப்பதற்கு முன்னால் 20 நிமிடம் பென்சிலால் வரைய வேண்டும். அழகாக இருக்க வேண்டியதில்லை. வரையும்போதுதான் கண் ஓர் இடத்தில் நிற்கும். படம் எடுத்துவிட்டால் 'அதான் இருக்கிறதே' என்று மனம் கிளம்பிவிடும். இதை என் மாணவர்களிடம் நூறு முறையாவது பார்த்திருப்பேன்.

எழுதும்போது கலைக் கல்வியாளர் எட்மண்ட் ஃபெல்ட்மனின் நான்கு படிகளை வைத்துக்கொள்ளலாம்: விவரித்தல், பகுத்தல், பொருள் காணுதல், மதிப்பிடுதல். பிள்ளைகள் நேராக நான்காவதற்கு ஓடுவார்கள், 'மிக அழகாக உள்ளது' என்று முடித்துவிடுவார்கள். முதல் படியில் பாதிப் பக்கம் கட்டாயம் இருக்கட்டும். அதில் கருத்தே கூடாது, கண்ணுக்குத் தெரிவது மட்டும்.

ஓவியர் பற்றிய ஃபோலியோவை வீட்டிலேயே, படுக்கையை ஒட்டிய மேசையிலேயே செய்துவிடலாம். பினாங்கில் வாழ்ந்த சுவா தியன் தெங்கை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். துணிக்கடைப் பொருளாக இருந்த பாத்தேக்கை (மெழுகால் மறைத்துச் சாயமேற்றும் துணிக் கலை) 1950களில் ஓவியமாக்கியவர். பிறந்தது எங்கே, வாங்கிய விருது என்ன என்று ஒரு பக்கம் நிரப்புவதற்குப் பதிலாக, அவர் கையில் இருந்த சிக்கலைத் தங்கச்சி தன் கையில் வாங்கிப் பார்க்கட்டும். ஒரு வெள்ளை மெழுகுவர்த்தி, டிராயிங் புளோக் தாள், தண்ணீர் வண்ணம் போதும். மெழுகால் கோடு போட்டு மேலே மஞ்சளைத் தடவினால், மெழுகு இருக்கும் இடத்தில் வண்ணம் ஒட்டாது. அந்த மஞ்சளைக் காக்க அதன் மேல் மறுபடி மெழுகு, அப்புறம் சிவப்பு, அதற்கு மேல் பழுப்பு. இளநிறத்திலிருந்து அடர்நிறத்துக்கு மட்டுமே போகலாம், திரும்பி வர முடியாது. சாதாரண ஓவியர் கடைசியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துக் கண்ணுக்கு ஒளி கொடுப்பார். பாத்தேக் ஓவியர் அந்த வெள்ளையை முதலிலேயே தீர்மானித்து மூடி வைக்க வேண்டும். மெழுகு விரிசல் விட்ட இடத்தில் சாயம் புகுந்து மெல்லிய நரம்பு மாதிரி கோடுகள் வரும், அதை முழுசாகக் கட்டுப்படுத்த முடியாது. மூன்று சின்னத் தாள்களில் இதைச் செய்து ஒட்டி, எங்கே தவறிப்போனது என்று பக்கத்தில் எழுதினால், அவருடைய ஓவியத்தில் கோடுகள் ஏன் அப்படித் தடித்து இருக்கின்றன, நிறங்கள் ஏன் அப்படி அடுக்கடுக்காக இருக்கின்றன என்று அவளே சொல்லிவிடுவாள்.

மெழுகு வேண்டாம் என்றால் நிர்மலா தத் சண்முகலிங்கம் இருக்கிறார். 1941இல் பினாங்கில் பிறந்தவர். 1973இல் குப்பையையும் புகைப்படங்களையும் வைத்துச் சுற்றுச்சூழல் சீர்கேட்டைப் பேசிய படைப்பு அவருடையது. குப்பை எப்படிக் கலையாகும் என்று வீட்டில் ஒரு விவாதமே நடத்தலாம். நம் பிள்ளைகளுக்கு இவரைப் பற்றி யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

மொழியைப் பற்றியும் ஒன்று. ஃபோலியோவை மலாயில்தான் கொடுக்க வேண்டியிருக்கும். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் பலர் இங்கேதான் இணையத்துக்கு ஓடுகிறார்கள், சொல்ல விஷயம் இருக்கும், வாக்கியம் வராது. முதலில் தமிழில் அவள் பேசட்டும், நீங்கள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவளே மலாயில் எழுதட்டும். கலைச்சொற்கள் அவ்வளவு அந்நியமும் இல்லை. உருவத்துக்கு 'ரூபா', நிறத்துக்கு 'வார்னா' என்று மலாயில் சொல்கிறோமே, நம்முடைய ரூபமும் வர்ணமும் வந்த அதே வடமொழி வேரிலிருந்து வந்தவை அவை. இதைச் சொன்னால் பிள்ளைகளின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

நீங்கள் எந்த அளவுக்கு உதவலாம் என்று கேட்டீர்கள். காரில் கூட்டிக்கொண்டு போங்கள், குடை பிடியுங்கள், கேள்வி கேளுங்கள், மலாய் எழுத்துப்பிழையைத் திருத்துங்கள். பென்சிலையும் வாக்கியத்தையும் மட்டும் வாங்காதீர்கள். அக்கா அண்ணன் எழுதிக் கொடுத்தது இரண்டாவது வரியிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும், அப்போது அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் வருத்தமாக இருக்கும்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் போய்விடுங்கள், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். கோயில் நண்பகலில் நடை சாத்திவிடும். இன்னும் அசதியாக இருந்தால் தேவாலயத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுங்கள், கோபுரம் மட்டும் போதும். எதிர்ப்பக்கக் கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில் நிழல் இருக்கும். ஒரு மடக்கு நாற்காலியும் இளநீரும் எடுத்துக்கொண்டு போங்கள்.