மாமா சருகுக்கு நெருப்பு வைக்கப் போறாராம்!

கேள்வி: ஊரிலிருந்து மாமா வந்து நிற்கிறார். புகையிலைத் தோட்டம் செய்தவர், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பின்வளவு மேப்பிள் சருகைக் குவித்துக் கொளுத்தப் போகிறாராம். தகப்பனை மறித்துக் கதைக்க இவருக்குப் பயம். நான் என்ன செய்ய?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: நெருப்பு மட்டும் வேண்டாம் பிள்ளை. ரொறன்ரோவில் வளவுக்குள் சருகு கொளுத்த விடமாட்டினம். பக்கத்து வீட்டுக்காரர் போன் எடுத்தால் தீயணைப்பு வண்டி வாசலில் நிற்கும். அதுக்காக ரேக்கைப் பறிச்சு மனிசனை டிவிக்கு முன்னால் இருத்திப்போடாதையுங்கோ. தோட்டக்காரனுக்கு அதைவிடத் தண்டனை இல்லை.

"மாமா, உள்ளிப் பாத்திக்குக் குழை போடுவமோ?" என்று கேட்டுப் பாருங்கோ. பூவரசங்குழை வெட்டித் தாழ்த்த கைக்கு மிச்சம் சொல்லத் தேவையில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லிவிடுங்கோ: இது பச்சைக் குழை இல்லை, காய்ஞ்ச சருகு. மண்ணுக்குள் தாழ்த்தால் உக்கும்போது மண்ணிலிருக்கிற நைதரசனை இழுத்துக்கொள்ளும். ஒக்டோபரில் உள்ளிப்பல்லை இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றி, புல்லு வெட்டுற மெஷினால் சருகைத் தூளாக்கி மேலால் பரப்பினால் போதும். முழு இலையாய்ப் போட்டால் பாய் மாதிரி ஒட்டித் தண்ணியை இறங்க விடாது. உள்ளி கிண்டுறது அடுத்த ஆடியில். அதைச் சாட்டி மாமாவை அடுத்த கோடைக்கும் கூப்பிடலாம். (கூப்பிட விருப்பமில்லையென்றால் இந்த வரியைக் காட்டாதையுங்கோ.)

மிஞ்சுற சருகு கடதாசிப் பைக்குள். பிளாஸ்டிக் பையென்றால் எடுக்கமாட்டினம். ஈரச் சருகு பாரம், ஒரு பை 20 கிலோவைத் தாண்டக்கூடாது. கூரைப் பீலிக்குள் அடைஞ்சதை எடுக்க ஏணி தேடினாரென்றால் மட்டும், உங்கட அவர் ஏறட்டும். அதுக்கும் அவருக்குப் பயமோ தெரியாது.

கேள்வி: கறிவேப்பிலைச் சாடியை எப்ப உள்ளே எடுக்கிறது? தாங்ஸ்கிவிங் முடியட்டும் என்கிறா அக்கா.
– மார்க்கம்

பதில்: அக்கா கலண்டரைப் பார்க்கிறா, நீங்கள் இரவுக் குளிரைப் பாருங்கோ. 10 பாகைக்குக் கீழே இறங்கமுன்னம் உள்ளே வரவேணும். இலையின் அடிப்பக்கத்தைக் கழுவிப் பூச்சி பார்த்து எடுங்கோ.

கேள்வி: சருகு வாரித் தாறம் என்று அண்ணாமார் குடும்பத்தோடு வருகினம். அரை மணித்தியாலம் வாருகினம், மிச்ச நேரம் யாருக்குக் கலியாணம், யார் வீடு வித்தது என்ற கதைதான். நான் நாள் முழுக்க அடுப்படியில்!
– ஏஜக்ஸ்

பதில்: சோறும் எட்டுக் கறியும் யார் கேட்டது? ஒடியல் கூழ் வையுங்கோ, ஒரு பானையோடு அலுவல் முடியும். ரேக் பிடிக்காத ஆக்கள் கூழுக்கு நண்டு உடைக்கட்டும். கதை அதோடையும் நடக்கும், நீங்களும் கேட்கலாம்.