கேளுங்க சொல்றோம்: வெப்சைட்ல எல்லாம் ‘கம்ப்ளைட்’, ஓடையில மட்டும் நுரை

இந்த தடவை வந்த கடுதாசிலயும் வாட்ஸ்அப்லயும் பாதிக்கு மேல ஒரே சங்கதி. கம்பெனிக்காரங்க சுற்றுச்சூழல் விதிய ஒழுங்கா கடைப்பிடிக்கிறாங்களான்னு காட்ட கவர்மென்ட் ஆன்லைன்ல போட்டு வச்சிருக்குற ரெக்கார்டு பத்திதான். நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துல தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும் கேட்டிருக்காங்க, பேர் போட வேண்டாம்னு எல்லாருமே சொல்லிட்டாங்க, அதனால ஊர் மட்டும்.

தொண்டி பக்கத்து வாசகர்: அண்ணே, எங்க ஊருக்கு வடக்க ஒரு இறால் பண்ணை இருக்கு. அறுவடை சமயத்துல ராவோட ராவா குளத்துத் தண்ணிய ஓடையில தொறந்து விட்டுர்றாங்க. விடியக்காலைல போனா நுரையும் கவிச்சியும்தான், நண்டு வலையில ஒண்ணும் விழ மாட்டேங்குது. பரிவேஷ் வெப்சைட்ல தேடுனா அந்தப் பண்ணை பேரே இல்ல. அப்ப அனுமதி இல்லாம நடத்துறாங்கன்னுதானே அர்த்தம்? அங்கயே கருத்துல எழுதிப் போட்டுறவா?

அவசரப்படாதீங்க தம்பி. பரிவேஷ்ங்கிறது 2018 ஆகஸ்ட்ல மத்திய அரசு ஆரம்பிச்ச போர்ட்டல், அதுல வர்றது 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்குள்ள வர்ற அனல்மின் நிலையம், துறைமுகம், எண்ணெய்க் கிணறு மாதிரி பெரிய திட்டங்க, அப்புறம் காடு, வனவிலங்கு, கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி. இறால் பண்ணை அந்த 2006 பட்டியல்லயே கிடையாது. அதுக்கு 2005 சட்டப்படி வந்த கோஸ்டல் அக்வாகல்ச்சர் அத்தாரிட்டின்னு சென்னைல ஒரு ஆபீஸ் இருக்கு, அங்க ரிஜிஸ்டர் பண்ணிருக்கணும், அந்த மனு மாவட்ட அளவுல கலெக்டர் தலைமைல ஒரு கமிட்டி வழியாத்தான் போகும். அதனால பரிவேஷ்ல பேர் இல்லங்கிறத வச்சு திருட்டுப் பண்ணைன்னும் சொல்ல முடியாது, நல்ல பண்ணைன்னும் சொல்ல முடியாது. ஐஸ் பிளான்ட்டும் இப்படித்தான், அத மாசு கட்டுப்பாட்டு வாரியம் கொடுக்குற இசைவாணைல, அதாவது நடத்துறதுக்கான அனுமதில தேடணும்.

ரெண்டாவது கேள்விதான் முக்கியம். ‘நாத்தம் அடிக்குது, நடவடிக்கை எடுங்க’ன்னு கருத்துப் பொட்டில போட்டா அது யார் மேசைக்கும் போகாது, ஏன்னா அது புகார். ரெக்கார்டு பத்தின கருத்துன்னா ‘உங்க ரெக்கார்டுல இந்த வரி தப்பு’ன்னு இருக்கணும். பண்ணை பேர், கிராமம், சர்வே நம்பர், ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் கிடைச்சா அது, பதிவுல இத்தன ஏக்கர்னு இருக்கு ஆனா சாட்டிலைட் படத்துல இன்னும் ரெண்டு குளம் கூடுதலா தெரியுது, இந்த மாதிரி. அதுக்குப் பதில் சொல்லாம தள்ளி விடுறது கொஞ்சம் கஷ்டம்.

இதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். அமெரிக்காவுல அவங்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எக்கோன்னு ஒரு தளம் 2002ல தொடங்குனாங்க. 8 லட்சத்துக்கும் மேல ஆலைங்க அதுல இருக்கு, எப்ப சோதனை போனாங்க, என்ன மீறல், எவ்வளவு அபராதம்னு காட்டுது, விதிய கடைப்பிடிச்சாங்களாங்கிறத மூணு வருஷத்துக்கு காலாண்டு காலாண்டா காட்டுது. தொடங்குன கையோட பொதுமக்கள்ட்ட கருத்தும் கேட்டாங்க. எனக்கு அதுல பிடிச்சது என்னன்னா, ஒரு ஆலைய பத்தின வெப்சைட் பக்கத்துல ஏதாச்சும் தப்பா இருந்தா அங்கயே இருந்து ‘இந்த தகவல் தப்பு’ன்னு சொல்லி அனுப்பலாம், கம்பெனிக்காரனும் அனுப்பலாம் பக்கத்து வீட்டுக்காரனும் அனுப்பலாம். நம்மூர்ல கருத்துப் பொட்டி ஒரு மூலைல, ரெக்கார்டு வேற மூலைல. அதனால நீங்கதான் எந்த ஃபைல், எந்தப் பக்கம், எந்த வரின்னு எழுதி ரெண்டையும் சேத்து வைக்கணும். ஓடையில தண்ணி விட்டதுக்கு தேதி, நேரம், போட்டோவோட தனியா ஒரு புகார், கலெக்டருக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும். ரெண்டையும் ஒரே பேப்பர்ல கலக்காதீங்க.

சாயல்குடி, பள்ளிக்கூட ஆசிரியர்: ஒரு பெரிய திட்டத்தோட ஆறு மாச கம்ப்ளயன்ஸ் ரிப்போர்ட்ட, அதாவது அனுமதி நிபந்தனைய கடைப்பிடிச்சாங்களான்னு சொல்ற அறிக்கைய டவுன்லோட் பண்ணிப் பாத்தேன் சார். எல்லா நிபந்தனைக்கும் நேரா ‘கம்ப்ளைட்’னு, அதாவது நிறைவேத்தியாச்சுன்னு இருக்கு. அரசாங்கமே சரின்னு சொன்ன பிறகு நாம என்ன கருத்து சொல்றது?

சார், இங்கதான் முக்கால்வாசிப் பேர் ஏமாந்து போறாங்க. அத எழுதுனது அரசாங்கம் இல்ல, கம்பெனி. 2006 அறிவிக்கைப்படி வருஷத்துல ஜூன் 1, டிசம்பர் 1 ரெண்டு தடவை அவங்களே எழுதிக் கொடுக்கணும், பரீட்சைப் பேப்பர பையனே திருத்தி மார்க் போட்டுக்கிட்ட கதைதான். அதே அறிவிக்கைல இந்த ரிப்போர்ட் பொது ஆவணம், யார் கேட்டாலும் காப்பி தரணும், கடைசியா வந்தத வெப்சைட்ல போடணும்னும் இருக்கு. அதனால படிக்கிறதும் குறை சொல்றதும் உங்க உரிமைதான்.

எப்படிப் படிக்கிறதுன்னா, இடது பக்கக் கட்டத்துல நிபந்தனை இருக்கும், வலது பக்கம் அதுக்குப் பதில். முதல்ல இடது பக்கத்த அனுமதிக் கடிதத்தோட ஒப்பிட்டுப் பாருங்க, நிபந்தனை ஏதாச்சும் விட்டுப் போயிருக்கான்னு. அப்புறம் வலது பக்கம். ‘நோட்டட்’, ‘அக்ரீட்’, ‘வில் பி கம்ப்ளைட்’ இதெல்லாம் செஞ்சாச்சுன்னு அர்த்தம் இல்ல. ‘நிலத்தடித் தண்ணி எடுக்கக்கூடாது’ங்கிறதுக்கு நேரா ‘நோட்டட்’னு போட்டா, எடுக்குறாங்களா இல்லையான்னு பதிலே வரல. ‘மரம் நட்டோம்’னு இருந்தா எத்தன, எந்த சர்வே நம்பர்ல, எத்தன பொழச்சிருக்குன்னு இருக்கணும், வெறும் ‘கிரீன் பெல்ட் டெவலப்ட்’னு இருந்தா சைக்கிள எடுத்துக்கிட்டுப் போய் பாத்துட்டு வந்துருங்க, சீமைக்கருவேலத்தையே கிரீன் பெல்ட்னு கணக்குக் காட்டுனாலும் ஆச்சரியப்படாதீங்க.

கடைசில லேப் ரிப்போர்ட்ட வச்சிருப்பாங்க, ஸ்கேன் பண்ணி, பாதி கோணலா. நேரா அங்க போங்க. சாம்பிள் எடுத்த தேதி என்ன, எந்த இடத்துல எடுத்தாங்க, கழிவு விழுற வாய்கிட்டயா இல்ல அரை மைல் தள்ளியா. போன ரிப்போர்ட்டையும் பக்கத்துல வச்சு நம்பர் நம்பரா பாருங்க, கோடைக்கும் மழைக்கும் கிணத்துத் தண்ணியோட உப்பு புள்ளி மாறாம ஒண்ணா இருந்துச்சுன்னா கருத்து சொல்ல அது ஒண்ணே போதும். நம்ம ஜில்லாவுல ஐப்பசி கார்த்திகை மழைக்கு ஊரணியும் கிணறும் எப்படி மாறும்னு உங்க ஆறாம் கிளாஸ் பசங்களே சொல்லுவாங்க.

ராமநாதபுரம் வாசகர்: எங்க பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்ட அனுமதி கொடுத்தத டிவில பாத்துதான் தெரிஞ்சுகிட்டோம். கருத்துக்கேட்பு கூட்டம் ஏன் நடக்கல?

2025ல நம்ம மாவட்டத்துல 20 சோதனைக் கிணறுக்கு மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் கொடுத்த அனுமதியத்தான் சொல்றீங்க. 2020 ஜனவரில மத்திய அரசு ஒரு திருத்தம் கொண்டு வந்து எண்ணெய் எரிவாயு சோதனைக் கிணறையெல்லாம் பி2 பிரிவுக்கு மாத்திருச்சு, பி2ன்னா கருத்துக்கேட்பு கூட்டம் தேவையில்ல. விஷயம் வெளிய வந்து சத்தம் போட்ட பிறகு தமிழ்நாடு அரசு இதுக்கு அனுமதி கிடையாதுன்னு சொல்லிருச்சு, அது வேற கதை. ஆனா இந்த மாதிரித் திட்டத்துக்கு முன்கூட்டியே தெரிஞ்சுக்க ஊர்ல தண்டோரா எல்லாம் வராது, பரிவேஷ்ல மனு ஏறுறதும் அந்த மனுவ பரிசீலிக்கிற கமிட்டியோட அஜெண்டாவும் மினிட்ஸும்தான் ஒரே வழி. மாசத்துக்கு ஒரு தடவை யாராச்சும் ஒரு காலேஜ் பையன உக்கார வச்சு மாவட்டத்து பேரப் போட்டு பாக்கச் சொல்லுங்க. ஊர் பேர் ஸ்பெல்லிங் மட்டும் நம்பாதீங்க, கீழக்கரையவே மூணு விதமா எழுதி வச்சிருப்பான். திட்டத்தோட எல்லைய மேப்புல காட்டுற கேஎம்எல் ஃபைல் இருந்தா கூகுள் எர்த்துல தொறந்தா நம்ம கண்மாய் உள்ள வருதா வெளிய இருக்கான்னு தெரிஞ்சுரும்.

மண்டபம் பக்கம், பாசி எடுக்குற அம்மா (மக எழுதிக் கொடுத்தது): தென்கடல்ல தீவுக்குப் பக்கத்துல பாசி எடுக்கப் போனா ஃபாரஸ்ட்டுல எங்கள வெரட்டுறாங்க, கேட்டா தேசியப் பூங்காங்கிறாங்க. கம்பெனி தண்ணி விட்டா மட்டும் கம்ப்யூட்டர்ல சரின்னு வருதாம். எல்லாம் இங்கிலீசுல இருக்கு, நாங்க எங்கய்யா போய் சொல்றது?

அம்மா, கோவம் நியாயமானது. மன்னார் வளைகுடா 21 தீவையும் சேத்து 1986ல தேசியப் பூங்கா ஆக்குனாங்க, அதோட பாரத்த அதிகமா சுமந்தது உங்க ஆளுகதான். கருத்துக்கேட்பு கூட்டம் நடக்குற திட்டத்துக்கு சுருக்க அறிக்கைய தமிழ்லயும் கொடுக்கணும்னு விதி இருக்கு, 30 நாள் முன்னாடி நோட்டீஸ் வரணும். ஆனா அனுமதி கொடுத்த பிறகு வர்ற ஆறு மாச ரிப்போர்ட்ட தமிழ்ல கொடுக்கச் சொல்லி ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரிஞ்சு இந்த ரெக்கார்டு பத்தி கடற்கரை ஜனங்க முதல்ல கொடுக்க வேண்டிய கருத்தே அதான்: தமிழ்ல போடுங்க.

நீங்க சொல்றத தமிழ்லயே சொல்லுங்க, யாரும் வேண்டாம்னு சொல்ல முடியாது. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனுவா கொடுத்து ரசீது வாங்கிக்கோங்க. எந்த மாசத்துல எந்தப் பாரு (கடலடிப் பாறை) பக்கம் பாசி செத்துக் கிடந்துச்சு, தண்ணி என்ன நிறம், காத்து வாடையா தென்றலா, அன்னைக்கு கூட வந்தவங்க யாரு. லேப்காரன் அந்த இடத்துக்கு வந்திருக்கவே மாட்டான், நீங்க இருந்திருக்கீங்க. மகள விட்டு ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்க.

கீழக்கரை வாசகர்: காக்கா (எங்க பக்கம் அண்ணன்), ஆன்லைன்ல கருத்து போட்டு மாசக் கணக்காச்சு, பதில் இல்ல. நம்ம பேர் கம்பெனிக்காரனுக்குப் போயிருமோன்னு வீட்ல பயப்படுறாங்க.

பதில் வரலன்னா தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க தம்பி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுனா போதும், 30 நாள்ல பதில் தரணும். ‘நான் இந்த தேதில அனுப்புன கருத்து மேல என்ன நடவடிக்கை, ஃபைல் நகல் தாங்க’ன்னு ரெண்டே வரி. ‘ஏன் இன்னும் மூடல’ன்னெல்லாம் கேட்டா அது தகவல் இல்லன்னு திருப்பிருவாங்க. பேர் விஷயத்துல வீட்டுல சொல்றது சரிதான், மனு போட்டவன் பேர் வெளிய கசியாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஜமாத்து பேர்லயோ மீனவர் சங்கம் பேர்லயோ லெட்டர்பேடுல பத்துப் பேர் கையெழுத்தோட அனுப்பிருங்க, ரிஜிஸ்டர் தபால்ல, அக்னாலெட்ஜ்மென்ட் கார்டோட.