குரங்குக்கு ‘உப்புக்கீ’ என்று பெயர் வைத்த குழந்தை

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறோம். மகளுக்கு இரண்டே கால் வயது. குரங்கைப் பார்த்தால் ‘உப்புக்கீ’ என்கிறாள். தட்டுவடை ‘தத்தடை’, ஜீப் ‘கூம்’. ‘உப்புக்கீ போச்சு’, ‘தத்தடை தா’ என்றெல்லாம் பேசுவாள். வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் அவளைச் சொல்லச் சொல்லி மாமனார் சிரிக்கிறார். மாமியார் நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார். அடிக்கடி சளி பிடிக்கும், வேறு தொந்தரவு இல்லை. பேச்சில் கோளாறு இருக்குமா?

பதில்: பாதி பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். ‘உப்புக்கீ போச்சு’ என்பது இரண்டு சொல் சேர்ந்த வாக்கியம். இரண்டு வயதில் நாங்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

உங்கள் மகளின் மூன்று சொற்களும் மூன்று ரகம். ‘தத்தடை’ நாக்கு தேடிக்கொண்ட குறுக்குவழி. முதல் எழுத்துக்கு ஏற்ப ‘ட்டு’வை மாற்றி, ‘வ’வை விழுங்கிவிட்டாள். காக்கா பல வீடுகளில் ‘தாத்தா’ ஆவதும் இப்படித்தான். ‘கூம்’ மலையேறும் ஜீப்பின் சத்தம். ‘உப்புக்கீ’ அவளுடைய சொந்தத் தயாரிப்பு. உப்புக்கடலைப் பொட்டலத்தை என்றாவது ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு போனதோ என்னவோ! எங்கிருந்து வந்தாலும் சரி, குரங்குக்கு எப்போதும் அதே சொல்தான் என்றால் அது சொல்தான். குழந்தைக்கு எத்தனை வார்த்தை தெரியும் என்று எண்ணும்போது அதையும் சேர்த்தே எண்ணுவோம்.

இன்னும் கொஞ்ச நாளில் ‘நடச்சேன்’ என்றும் சொல்லக்கூடும். பயப்படாதீர்கள். குடிச்சேன், படிச்சேன் என்று கேட்டுக் கேட்டு இலக்கணத்தைத் தானே கண்டுபிடித்து, அதை ஒரு இடத்தில் அதிகமாகப் போட்டுவிட்டாள், அவ்வளவுதான். ‘ழ’ வர நாலைந்து வயதுகூட ஆகலாம். பெரியவர்களிலேயே எத்தனை பேருக்கு அது வருகிறது?

வசம்பு வேண்டாம். நாக்கில் எதைத் தேய்த்தாலும் பேச்சு வராது. மாமனார் சிரிக்கட்டும், ஆனால் விருந்தாளி முன் நிறுத்திச் சொல்லச் சொல்ல வேண்டாம். சில குழந்தைகள் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்ளும். ‘தப்பு, சரியாச் சொல்லு’ என்றும் அதட்டாதீர்கள். அவள் ‘உப்புக்கீ போச்சு’ என்றால், ‘ஆமா, குரங்கு மரத்து மேல போயிடுச்சு’ என்று பேச்சைத் தொடருங்கள். சரியான சொல் அவள் காதில் விழுந்தால் போதும்.

எனக்கு உறுத்துவது அந்தச் சளிதான். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும்போது காது அடைத்துக்கொள்ளும் இல்லையா? நமக்கு எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி, வாரக்கணக்கில் சத்தம் மங்கலாகவே கேட்கலாம். வலி இருக்காது, அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பினாலும், சளி அடிக்கடி வருவதால் ஒருமுறை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது.

பேசிக்கொண்டிருந்த சொற்களை விட்டுவிட்டாலோ, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாவிட்டாலோ, கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, ‘வளர வளர சரியாகிவிடும்’ என்று காத்திருக்காமல் உடனே குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மூன்று வயதில் வெளியாட்களுக்கு அவள் பேச்சு பெரும்பாலும் புரிய வேண்டும். அதுவரை ‘உப்புக்கீ’ இருந்துவிட்டுப் போகட்டும்.