லினக்ஸ் அட்மின் ஆக ரெட் ஹேட் சான்றிதழ் போதுமா?

ரெட் ஹேட் நிறுவனம் தரும் ஆர்எச்சிஎஸ்ஏ சான்றிதழ் மட்டும் இருந்தால் லினக்ஸ் அட்மின், அதாவது லினக்ஸ் கணினிகளை நிர்வகிப்பவர், ஆகிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது மட்டும் போதாது, ஆனால் நல்ல தொடக்கம். விடையை டிக் அடிக்கும் தேர்வு இல்லை அது. ஓடுகிற கணினியில் செய்து காட்ட வேண்டும். ரீபூட் ஆன பிறகும் உங்கள் மாற்றங்கள் நிலைத்திருந்தால்தான் மதிப்பெண். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: டிஸ்க்கை மவுண்ட் செய்துவிட்டு (அதாவது கணினியில் இணைத்துவிட்டு), பூட் ஆகும்போது எந்த டிஸ்க்குகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுத மறந்துவிடுவார்கள்.

வீட்டிலேயே வர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) அல்மாலினக்ஸ் என்ற லினக்ஸ் வகையைப் போட்டுப் பழகுங்கள். ரெட் ஹேட்டோடு ஒத்துப்போகும், காசும் கிடையாது. அந்த எஃப்எஸ்டேப்பை வேண்டுமென்றே கெடுத்து, பூட் ஆகாத கணினியை மீட்டுப் பாருங்கள். என் பயத்தைப் போக்கியது அந்தப் பயிற்சிதான். அப்புறம் கட்டளைகளைக் கோப்பாக எழுதி ஓட்டும் பாஷ் ஸ்கிரிப்ட், அடுத்து பல கணினிகளை ஒரே நேரத்தில் அமைக்க உதவும் ஆன்சிபிள். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையையும் தொட்டுப் பாருங்கள், எல்லா இடத்திலும் ரெட் ஹேட் இருக்காது.